தண்ணீரைப் பார்த்து நிற்கும் ஊர்கள்

இந்தியாவிலிருந்து உறவினர் வந்தால் நெதர்லாந்தில் இருக்கிற நாங்கள் கூட்டிப்போகிற சுற்று ஒன்று உண்டு. காலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பி, ஃபோலண்டாமில் பழைய காலத்து உடையை மாட்டிக்கொண்டு ஒரு குடும்பப் போட்டோ, மார்க்கனில் மரவீடுகளுக்கு முன்னால் இன்னொரு போட்டோ, எடாமில் பாலாடைக்கட்டி, சாயங்காலம் வீடு. நானும் பல பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். அழகான ஊர்கள்தான். ஆனால் இந்த இடத்தில் ஏன் ஓர் ஊர், அதுவும் ஏன் இவ்வளவு பணக்கார ஊர் என்ற கேள்விக்குக் கார் ஜன்னலில் பதில் கிடைக்காது. புல்வெளி, மாடு, புல்வெளி, மாடு. திடீரென்று நானூறு வருடப் பழமையான மாளிகை வரிசை.

போன கோடையில் நண்பர்களோடு படகில் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்த ஊர்களுக்குச் சாலை வழியாகப் போவது ஒரு வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவது மாதிரி. காவல் கோபுரம், கிடங்கு, வியாபாரியின் வீட்டு முகப்பு எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. வருகிறவன் கப்பலில்தான் வருவான் என்று நினைத்துக் கட்டிய ஊர்கள். கப்பல் வருவது நின்ற பிறகும் திரும்பிக்கொள்ளவில்லை.

நாங்கள் நான்கு பேர். படகு ஓட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் ஃப்ரீஸ்லாந்துக்காரர். பேச்சு குறைவு, கயிற்று முடிச்சு சரியில்லை என்றால் மட்டும் வாய் திறப்பார். சமையல் பொறுப்பு தூத்துக்குடி அண்ணாச்சி. நான்காவது ஆள், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த அக்கா. துறைமுகத்துக்காரர்களிடம் பேசுவதெல்லாம் அவர்தான். நான் கயிறு பிடிக்கிற ஆள். 15 மீட்டருக்குக் குறைவான, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாத படகுக்கு இந்த நாட்டில் உரிமமே தேவையில்லை. சட்டம் அப்படி. ஆனாலும் தெரிந்த ஒருவர் இல்லாமல் பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கிளம்பிய இடம் மோனிக்கண்டாம். அங்கிருந்து வெளியே வந்ததும் சுக்கானில் ஏதோ இழுக்கிறது என்றார் கேப்டன். கோடையில் அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் பாசிக்கொடி அடர்ந்து வளர்கிறது. எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பின்பக்கம் ஓட்டிச் சுற்றலை அவிழ்த்து, மறுபடி முன்னே போய், மறுபடி அவிழ்த்து ஒருவழியாகத் திறந்த நீருக்கு வந்தோம். அப்புறம் அலை ஆரம்பித்தது. நம் ஊர் கடலலை மாதிரி நீளமாக ஏறி இறங்குகிற அலை இல்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அடிக்கிற அலை.

"ஏலே, இது ஏரின்னுல்லா சொன்னீய? கடல்ல வராத மயக்கம் இதுல வருதே" என்றார் அண்ணாச்சி. சின்ன வயதில் மணப்பாட்டில் வள்ளத்தில் போன மனிதர்.

காரணம் ஆழம். நாங்கள் போன ஏரிக்கு மார்க்கர்மேர் என்று பெயர், அதன் சராசரி ஆழம் நான்கு மீட்டர்கூட வராது. காற்று தள்ளுகிற அலைக்குக் கீழே இறங்க இடமில்லை, எனவே மேலே எழும்புகிறது. இங்கே ஓடிய பழைய படகுகள் எல்லாம் தட்டையான அடியோடு இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆழமான அடித்தண்டுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய மரப்பலகைகள் தொங்கும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க ஒரு பக்கப் பலகையைத் தண்ணீரில் இறக்குவார்கள். தரை தட்டினால் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இதைக் கடல் என்று சொன்ன காலம் இருந்தது. சாய்டர்சே, அதாவது தெற்குக் கடல். வடகடலோடு சேர்ந்த உப்புநீர் வளைகுடா. 1916 ஜனவரியில் புயல் வந்து கரைகளை உடைத்து ஊர்களை மூழ்கடித்தது. கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் பல வருடமாகச் சொல்லிவந்த திட்டத்துக்கு 1918இல் சட்டம் வந்தது. வளைகுடாவின் வாயை 32 கிலோமீட்டர் நீள அணையால் அடைத்தார்கள். கடைசி இடைவெளி 1932 மே 28 அன்று மூடப்பட்டது. சில வருடங்களில் உப்பு போய் நன்னீர் ஆனது. அதற்கு ஐசல்மேர் என்று பெயர் வைத்தார்கள். ஹெர்ரிங்கும் நெத்திலியும் போய்விட்டன, விலாங்கு மிஞ்சியது. 1970களில் எங்க்ஹாய்சனுக்கும் லேலிஸ்டாடுக்கும் நடுவில் இன்னோர் அணை போட்டு ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். தெற்குப் பாதிதான் மார்க்கர்மேர். அதையும் வற்றவைத்து நிலமாக்குவதாக இருந்தார்கள், பிறகு அந்த யோசனையையே விட்டுவிட்டார்கள். நல்லவேளை. இல்லையென்றால் எங்கள் படகு போன பாதையில் இன்றைக்கு உருளைக்கிழங்கு விளைந்துகொண்டிருக்கும்.

ஃபோலண்டாமில் நிற்கவில்லை. தண்ணீரிலிருந்து பார்த்தாலும் அங்கே கூட்டம்தான்.

ஹோர்ன் வேறு ரகம். தூரத்தில் முதலில் தெரிவது ஹோஃப்ட்டோரன், 1532இல் கட்டிய துறைமுகக் கோபுரம். பீரங்கியோடு வருகிறவனுக்குப் பயம் காட்டக் கட்டியது. கோபுரத்தை ஒட்டித் திரும்பி உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வியாபாரிகளின் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. உச்சியில் துருத்திய உத்திரத்தில் கப்பியும் கொக்கியும். மூட்டைகளை அதில் கட்டி நேராக மாடிக்கு ஏற்றுவார்கள். பல வீடுகளின் முகப்பு தெருப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடித்தளம் இறங்கிச் சாய்ந்ததல்ல, வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். மூட்டை சுவரில் உரசாது, மழைநீரும் சுவரில் இறங்காது.

கரையில் இடமில்லை. ஏற்கனவே கட்டியிருந்த மூன்று படகுகளுக்கு வெளியே நான்காவதாக ஒட்டிக் கட்டினோம். இங்கே அது வழக்கம். ஆனால் கரைக்குப் போக மற்றவர்களின் படகைத் தாண்டும்போது அவர்கள் உட்கார்ந்திருக்கும் பின்பக்கமாகப் போகக்கூடாது. முன்பக்கமாக, சத்தமில்லாமல் போக வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு படகிலும் நின்று வணக்கம் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று சைகையில் கேட்டுத்தான் தாண்டினார். மறுநாள் காலையில் பக்கத்துப் படகுத் தாத்தா எங்கள் அடுப்பிலிருந்து வந்த ரசவாசனையைப் பற்றி விசாரித்தார்.

1602இல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், பிறகு ஹோர்ன், எங்க்ஹாய்சன். ஆறில் இரண்டு இந்தச் சின்னக் கரையில். கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. ஒரு கடையில் அந்த மூன்று எழுத்தும் பின்னிய சின்னத்தோடு சாவிக்கொத்து தொங்கியது. அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வ.உ.சி. இங்க எப்பல வந்தாரு?" வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் விட்டவர் பெயர்தான் இன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. அதே தூத்துக்குடியை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது இந்த வி.ஓ.சி. அண்ணாச்சி மூன்று சாவிக்கொத்து வாங்கினார்.

ஊர் நடுவில் ரோடே ஸ்டேன் என்ற சதுக்கம். அங்கே யான் பீட்டர்ஸ்ஸோன் கூனின் சிலை, இடுப்பில் கை வைத்து நிற்கிறது. 1587இல் இந்த ஊரில் பிறந்தவர், கம்பெனியின் கவர்னர் ஜெனரல், படேவியா நகரை (இன்றைய ஜகார்த்தா) உருவாக்கியவர். 1621இல் ஜாதிக்காய் வியாபாரத்தை முழுக்கத் தன் கையில் எடுக்க, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் பண்டாத் தீவுகளின் மேல் படையெடுத்தார். சுமார் 15 ஆயிரம் பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியது ஆயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பசியில் இறந்தார்கள், ஓடினார்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். வெறிச்சோடிய தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? பல இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வரும்போதெல்லாம் பழவேற்காடு போன்ற துறைகளில் மனிதர்களை வாங்கி படேவியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் ஏற்றி அனுப்பினார்கள்.

சிலை வைத்தது 1893இல். நீண்ட சண்டைக்குப் பிறகு 2012இல் பீடத்தில் புதுப் பலகை வைத்து, பண்டாவில் நடந்ததையும் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பத்தாது. ஆள் உயரமாக நிற்கிறார். அவர் செய்ததைப் படிக்க நாம் குனிய வேண்டியிருக்கிறது. சிலையை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று படகில் ராத்திரி வரை வாக்குவாதம். கேப்டன் மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசியில், "பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த ஆளைப் பற்றிச் சொன்னபோது பண்டா என்ற வார்த்தையே வரவில்லை" என்றார்.

அக்கா வேறொன்றைக் கவனித்திருந்தார். "எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பாத்திருக்கிறியே தம்பி? அதைக் கட்டின ஆக்கள்ர ஊர் எவ்வளவு பெருசா இருக்கும் எண்டு சின்னனில யோசிப்பன். இங்க பார், முழுத் துறைமுகமும் அந்தக் கோட்டைக்குள்ள அடங்கிப்போகும்." கோட்டை மட்டுமா? யாழ்ப்பாணத்துச் சொத்து, சீதன வழக்கங்களை 1707இல் தேசவழமை என்று எழுத்தில் தொகுக்கச் செய்ததும் இவர்கள்தான். அவருடைய குடும்பக் காணிப் பிரச்சினை இன்னும் அந்தச் சட்டத்தில்தான் இழுபட்டுக்கொண்டிருக்கிறதாம்.

இன்னொரு விஷயம், மிளகு ஏற்றிய பெரிய கப்பல்கள் இந்தத் துறைமுகங்களுக்கு நேராக வந்து நின்றதாக நினைத்துக்கொள்ளக்கூடாது. அந்தக் கப்பல்களுக்கு இந்த வளைகுடா போதாது. வடக்கே டெக்ஸல் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுச் சரக்கைச் சின்னப் படகுகளில் இறக்கி இங்கே கொண்டுவந்தார்கள். கப்பல் பெரிதாகப் பெரிதாக இந்த ஊர்களுக்கு மதிப்பு குறைந்தது. 1824இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேராக டென் ஹெல்டர் என்ற வடக்குத் துறைமுகத்துக்குக் கால்வாய் வெட்டி முடித்தார்கள்; அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க யாருக்கும் அவசியமில்லை.

17ஆம் நூற்றாண்டு வீடுகள் இப்படி அப்படியே நிற்பதற்கும் அதுதான் காரணம். பணம் தொடர்ந்து வந்திருந்தால் இடித்து வேறு கட்டியிருப்பார்கள். எங்க்ஹாய்சனில் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. 1622இல் அங்கே 20 ஆயிரம் பேருக்கு மேல். நகரச் சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் மீன். அந்த மீன்தான் சோறு போட்டது. 19ஆம் நூற்றாண்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள்கூட இல்லை. கோட்டைச் சுவருக்குள்ளேயே தோட்டமும் மேய்ச்சலும். இன்றைக்கு நாம் அழகு என்று போட்டோ எடுப்பது பாதி அந்தக் கால நஷ்டத்தின் மிச்சம்.

எங்க்ஹாய்சனுக்குள் நுழைய அணையைக் கடக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் படகு போகப் பாலம் தூக்குவார்கள், கார்கள் வரிசையில் காத்திருக்கும். 2003இல் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சாலை கீழே சுரங்கத்தில் போகிறது, அதன் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அந்தத் தொட்டியில் படகுகள். பச்சை விளக்கு எரிந்ததும் உள்ளே போய்ச் சுவரில் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டோம். பின்கதவு மூடியது, தண்ணீர் மட்டம் லேசாக மாறியது, முன்கதவு திறந்தது. மட்ட வித்தியாசம் சில அங்குலம்தான். அண்ணாச்சிக்கு ஏமாற்றம். "இவ்ளோதானா?" கீழே லாரி போகிறது என்று அக்கா சொன்ன பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

துறைமுக வாயிலில் ட்ரொமடாரிஸ் கோபுரம், 1540. பக்கத்தில் பழைய சரக்குப் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. பழுப்புநிறப் பாய்கள். இப்போது அவை சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகின்றன. பாய்க்கு அந்த நிறம் அழகுக்காக வந்ததல்ல. பருத்திப் பாயும் வலையும் மக்கிப்போகாமல் இருக்கத் துவர்ப்புச் சாறில் கொதிக்கவைப்பார்கள். முதலில் ஓக் மரப்பட்டை. அப்புறம் ஆசியாவிலிருந்து போன காசுக்கட்டி. நம் பாட்டிகள் வெற்றிலையோடு போட்டு வாயைச் சிவக்கவைத்த அதே சரக்கு. இப்போது பாய் செயற்கை நூல், சாயம் தேவையில்லை. ஆனாலும் பழுப்பில்தான் நெய்கிறார்கள்.

மிளகு வீடு என்று பெயர் பெற்ற கம்பெனிக் கிடங்கு இன்றைக்கு சாய்டர்சே அருங்காட்சியகத்தின் பகுதி. அணை வந்த பிறகு அழிந்துபோன மீனவர் வாழ்க்கையை வைத்து ஒரு முழுக் கிராமத்தையே வெளியில் அமைத்திருக்கிறார்கள். பல ஊர்களிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. எனக்கு அதைவிட யான் ஹாய்கன் வான் லின்ஸ்கோட்டனின் கதைதான் பிடித்தது. இந்த ஊரில் வளர்ந்தவர். கோவாவில் போர்த்துகீசியப் பேராயரிடம் செயலாளர் வேலை. அவர்கள் ரகசியமாக வைத்திருந்த கடல்வழி, காற்று, துறைமுகம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஊர் திரும்பி, 1596இல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், நம் பக்கம் வந்ததற்கு அந்தக் குறிப்புகள் பெரிய உதவி. இந்த வரலாற்றில் வாளைவிடக் குமாஸ்தாவின் பேனா அதிகம் வேலை செய்திருக்கிறது.

அங்கிருந்து ஏரியைக் குறுக்கே கடந்தால் ஸ்டாவோரன். பாதிக்கு மேல் போனதும் கேப்டன் வரைபடத்தில் ஒரு மணல்திட்டைக் காட்டி ஒதுங்கிப் போனார். அதற்கு ஒரு கதை. ஸ்டாவோரனில் ஒரு பணக்கார விதவை. உலகத்திலேயே விலைமதிப்பில்லாத பொருளைக் கொண்டுவா என்று கப்பல்காரனை அனுப்புகிறாள். அவன் கோதுமையைக் கொண்டுவருகிறான். கோபத்தில் எல்லாவற்றையும் துறைமுகத்தில் கொட்டச் சொல்கிறாள். ஒருநாள் பிச்சையெடுப்பாய் என்று எச்சரித்தவனிடம் மோதிரத்தைக் கழற்றிக் கடலில் வீசி, இது திரும்பி வந்தால் அதுவும் நடக்கும் என்கிறாள். கொஞ்ச நாளில் சாப்பாட்டு மீனின் வயிற்றில் மோதிரம். கொட்டிய கோதுமையில் மணல் சேர்ந்து துறைமுகமே தூர்ந்துபோகிறது. "சகுந்தலை மோதிரம் மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி. சகுந்தலைக்கு அந்த மீன் நல்லது செய்தது, இவளுக்குச் செய்யவில்லை. துறைமுகம் தூர்ந்ததற்கு யார்மேலாவது பழி போட வேண்டும், பணக்கார விதவை வசதியாகக் கிடைத்தாள் என்பது அக்காவின் கருத்து.

கடைசியாக ஹிண்டலோபன். முழுப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஊர், மிகச் சின்ன ஊரும் அதுதான். மரப்பாலங்கள், குறுகிய கால்வாய்கள், மதகுக்காரரின் வீட்டு வாசலில் கிழட்டு மாலுமிகள் உட்கார்ந்து கதை அளந்த பெஞ்சு. ஊர் ஆண்கள் ஆம்ஸ்டர்டாம் முதலாளிகளின் கப்பல்களில் நார்வேக்கும் பால்டிக் கடலுக்கும் போனார்கள். கோடை முழுக்கக் கணவன் கடலில். மனைவியும் பிள்ளைகளும் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுக் கொல்லையில் இருக்கும் குட்டி வீட்டுக்குக் குடிபோவார்கள். பெரிய வீடு அழுக்காகக்கூடாதே!

அங்கே இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில்தான் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஹிண்டலோபன் பெண்களின் நீண்ட மேலங்கி. இந்தியச் சீட்டித் துணி. சிவப்புப் பூ, நீலக் கொடி, பழுப்புத் தண்டு. நீலமும் வெள்ளையும் மட்டும் இருந்தால் துக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். டச்சுக்காரர்களின் "பாரம்பரிய உடை" என்று நாம் போட்டோ எடுக்கிற சமாச்சாரத்தில் இந்த ஊர் உடைதான் உச்சம் என்பார்கள். அதன் துணி நம் கரையில் தீட்டியது.

அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். பால் கொழுப்பு இல்லையென்றால் தீட்டுகிற கோடு பரவிவிடும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு சாயவேரில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். சாயவேரில் சோழமண்டலக் கரை மணலில் விளைந்ததற்குத் தனி மதிப்பு. துவைத்தாலும் போகாத நிறம் ஐரோப்பாவில் அன்றைக்கு யாருக்கும் கைவராத வித்தை. பிரான்சும் இங்கிலாந்தும் தங்கள் நெசவாளிகளைக் காப்பாற்ற இந்தத் துணியைத் தடைசெய்தன. ஒல்லாந்தர் செய்யவில்லை. வியாபாரம் முக்கியம். பழவேற்காட்டிலும், 1690க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் தலைமை அலுவலகம் வைத்து, மாதிரிப் படங்களை அனுப்பி இந்தப் பூ வேண்டும், இந்த அளவு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அதிலும் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு வரவில்லை. கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருளுக்குப் பண்டமாற்றாகப் போனது. ஜாதிக்காயை வாங்கியது காசு அல்ல, நம் நெசவாளியின் துணி. ஹோர்ன் துறைமுகத்து வீடுகளின் கணக்கைப் பின்னோக்கி எழுதினால் அதில் ஒரு வரி பழவேற்காட்டுத் தறியில் வந்து நிற்கும்.

அண்ணாச்சி அந்தக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "எங்க ஆச்சி கட்டுன சீட்டிச் சேலையில இதே கொடி உண்டு" என்றார்.

சரி, போக நினைக்கிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்ட்டில் துறைமுகங்கள் நிரம்பி வழியும், மதியமே போய் இடம் பிடிக்க வேண்டும். மே கடைசியிலோ செப்டம்பரிலோ போங்கள். கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது, அதோடு தலைக்கு ஒரு சுற்றுலா வரி. படகு ஓட்டத் தெரிந்த ஆள் இல்லையென்றாலும் கவலையில்லை, கோடையில் எங்க்ஹாய்சனிலிருந்து ஸ்டாவோரனுக்குப் பயணிகள் படகு ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றலாம், ஹிண்டலோபன் அங்கிருந்து பக்கம்தான். புகைபோட்ட விலாங்கு எங்கும் விற்கிறார்கள். ருசிதான், ஆனால் ஐரோப்பிய விலாங்கு அழியும் நிலைக்கு வந்துவிட்டது, நாங்கள் வாங்கவில்லை. அண்ணாச்சி ஏரி மீனில் புளிக்குழம்பு வைத்தார்.

அடுத்த கோடையில் அணையைத் தாண்டி ஹார்லிங்கன் போகலாம் என்கிறார் கேப்டன். அங்கே உண்மையான கடல், ஓதம் ஏறி இறங்கும், நேரம் தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அக்கா சரி என்றுவிட்டார். அண்ணாச்சி மட்டும் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்: இரண்டு அடுப்புள்ள படகாக இருந்தால் வருவாராம்.